வழிவிடும் பாலம்



பாலம் என்றதும் நமக்கு எது நினைவுக்கு வருகிறது? வெட்டுக்காட்டுக்குப் போகும் வழியில் வாய்க்காலின் குறுக்கே கிடக்கும் மரத்துண்டும் பாலந்தான். 1985-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு, பினாங்குத் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் நீண்ட பாலமும் பாலந்தான். சிறியதோ பெரியதோ, அசையாமல் நிற்பதுதான் பாலத்துக்கு அழகு என்று நாம் எண்ணுகிறோம். பாலம் ஆடினால் நமக்கு நெஞ்சு நடுங்கும்.

ஆனால், அசைவதற்கென்றே கட்டப்பட்ட பாலமும் உலகில் உண்டு. கப்பல் வரும்போது அது நடுவே இரண்டாகப் பிரியும். இரு பாதிகளும் வானை நோக்கி எழுந்து நிற்கும். கப்பல் கடந்ததும் அவை மீண்டும் இறங்கிச் சேர்ந்துகொள்ளும். வண்டிகள் மறுபடி ஓடத் தொடங்கும். இலண்டன் மாநகரில் தேம்ஸ் ஆற்றின்மீது நிற்கும் டவர் பாலத்தைத்தான் சொல்கிறோம். அந்தப் பாலம் ஏன் அப்படிக் கட்டப்பட்டது, எப்படி இயங்குகிறது, அதன் வரலாறு நமக்கு என்ன சொல்கிறது என்பதை இன்று காண்போம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இரண்டு பெரிய கோபுரங்களோடு படங்களில் காணப்படும் இந்தப் பாலத்தைப் பலர் இலண்டன் பாலம் என்று நினைக்கிறார்கள். இலண்டன் பாலம் வேறு. அது ஆற்றில் சற்று மேலே இருக்கிறது. மிகப் பழமையான வரலாறு உடையது. நாம் பேசும் பாலம், இலண்டன் டவர் என்னும் பழைய கோட்டையை ஒட்டி நிற்பதால் டவர் பாலம் என்று பெயர் பெற்றது. பாலத்தின் கோபுரங்களால் வந்த பெயர் அன்று அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலண்டனைச் சற்று மனக்கண்ணால் பார்ப்போம். உலகிலேயே மிகப் பெரிய துறைமுக நகரங்களுள் அது ஒன்று. கடலிலிருந்து தேம்ஸ் ஆற்றின் வழியாகக் கப்பல்கள் நகரத்தின் உள்ளேயே வரும். இலண்டன் பாலத்துக்குக் கீழே உள்ள ஆற்றுப் பகுதியில் பாய்மரக் கப்பல்களும் நீராவிக் கப்பல்களும் சரக்குப் படகுகளும் நெருக்கியடித்து நிற்கும். இரு கரைகளிலும் கிடங்குகள். தேயிலை, சர்க்கரை, கம்பளி, மிளகு, தானியம் என உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்த பொருள்கள் அங்கே இறங்கின. அவற்றை முதுகில் சுமந்து இறக்கிய கூலித் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கானோர். ஆற்றை நம்பித்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அதே காலத்தில் நகரத்தின் கிழக்குப் பகுதியும் பெருகியது. தொழிற்சாலைகள் எழுந்தன, தொழிலாளர் குடியிருப்புகள் பரவின. ஆனால் இலண்டன் பாலத்துக்குக் கிழக்கே ஆற்றைக் கடக்க ஒரு பாலங்கூட இல்லை. அக்கரையில் வேலை, இக்கரையில் வீடு என்று இருந்தவன் மேற்கே இலண்டன் பாலம் வரை நடந்து, ஆற்றைக் கடந்து, மீண்டும் கிழக்கே நடக்கவேண்டும். 1880-களின் தொடக்கத்தில் நாளொன்றுக்கு 1,00,000-க்கும் மேற்பட்டோர் இலண்டன் பாலத்தை நடந்தே கடந்தனர். 20,000-க்கும் மேற்பட்ட வண்டிகளும் அதன்மேல் ஊர்ந்தன. சுமை வண்டிக்காரர்கள் பாலத்தின் வாயிலில் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள்.

இதற்கு ஒரு சிறிய மாற்று வழி இருந்தது. 1870-இல் டவர் கோட்டைக்கு அருகே ஆற்றின் அடியில் குறுகிய சுரங்கம் ஒன்று திறக்கப்பட்டது. முதலில் அதில் கம்பிவடத்தால் இழுக்கப்படும் ஒரு சிறு வண்டி ஓடியது. அது இலாபம் தராமல் நின்றுபோன பின், அரை பென்னி கட்டணம் கொடுத்தவர்கள் அதில் நடந்து சென்றார்கள். ஆளுயரமே உள்ள இருட்டுக் குழாய்! ஆனாலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 இலட்சம் பேர் அதில் நடந்தார்கள் என்றால், ஏழை மக்களுக்கு ஆற்றைக் கடப்பது எவ்வளவு பெரிய தேவையாக இருந்தது என்பதை நாம் உணரலாம்.

"அப்படியானால் ஒரு பாலத்தைக் கட்டிவிட வேண்டியதுதானே?" என்று நம் பிள்ளைகள் கேட்பார்கள். சிக்கல் அங்கேதான் இருந்தது. சாதாரணப் பாலம் கட்டினால் உயரமான பாய்மரங்கள் கொண்ட கப்பல்கள் அதைத் தாண்டி மேலே வரமுடியாது. மேலே உள்ள துறைகளும் கிடங்குகளும் பாழாகும். அங்கே சுமை தூக்கும் தொழிலாளி வேலை இழப்பான். ஆகவே கிடங்கு முதலாளிகளும் கப்பல்காரர்களும் பாலமே வேண்டாம் என்று எதிர்த்தார்கள். கரையில் இருந்தவர்களோ பாலம் இல்லாமல் பிழைக்க முடியாது என்று மன்றாடினார்கள். ஆற்றில் போகிறவனுக்கும் வாழ்வு வேண்டும். ஆற்றைக் கடக்கிறவனுக்கும் வாழ்வு வேண்டும். இரு தரப்பின் பேச்சிலும் நியாயம் இருந்தது. இப்படிப்பட்ட வழக்குத்தான் தீர்ப்பதற்குக் கடினமானது.

"கப்பல் போகும் அளவுக்குப் பாலத்தை உயரமாகக் கட்டலாமே?" என்ற அடுத்த கேள்வி எழும். பாய்மரக் கப்பலின் கொடிமரம் தட்டாமல் இருக்கப் பாலம் 130 அடிக்கு மேல் உயரவேண்டும். தேம்ஸ் ஆற்றின் கரைகளோ தாழ்ந்தவை. அவ்வளவு உயரத்துக்கு ஏறுபாதை அமைத்தால் அது வெகுதூரம் நீளும். அந்தக் காலத்தில் மோட்டார் லாரி இல்லை. குதிரைகள்தாம் வண்டி இழுத்தன. முழுப் பாரத்தோடு மேட்டில் ஏறும் மாடு படும் பாட்டைக் கண்டவர்களுக்கு அந்தக் குதிரைகளின் நிலை புரியும். இலண்டனின் சாக்கடைத் திட்டத்தை அமைத்துப் பெரும் புகழ் பெற்ற பொறியியலாளர் சர் ஜோசப் பசல்ஜெட் தந்த பாலத் திட்டங்கூட, கப்பலுக்குப் போதிய உயரம் இல்லை என்று தள்ளப்பட்டது.

1876-ஆம் ஆண்டில் இலண்டன் நகராண்மை இதற்கென ஒரு குழுவை அமைத்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட திட்டங்கள் வந்து குவிந்தன. வண்டிகளை மின்தூக்கி போன்ற பொறிகளால் உயரே தூக்கிவிடலாம் என்றார் ஒருவர். பாலத்தை நடுவில் வளையம்போல் இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் திறந்திருக்கும்போது வண்டிகள் மறுபக்கம் போகலாம் என்றார் இன்னொருவர். வாதங்கள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. முடிவில் 1884-இல் நகராண்மையின் கட்டடக் கலைஞர் ஹொரேஸ் ஜோன்ஸ், பொறியியலாளர் ஜான் வுல்ஃப் பாரி ஆகிய இருவரும் சேர்ந்து தந்த திட்டம் ஏற்கப்பட்டது. 1885-இல் நாடாளுமன்றம் அதற்குச் சட்டம் இயற்றியது.

அந்தச் சட்டத்தை நாம் கவனிக்கவேண்டும். பாலம் திறக்கும்போது கப்பல் செல்லும் வழி 200 அடி அகலமும் 135 அடி உயரமும் இருக்கவேண்டும் என்று அது விதித்தது. அதோடு விடவில்லை. கட்டுமான வேலை நடக்கும் காலத்திலும் கப்பல்களுக்கு 160 அடி அகல வழி எப்போதும் திறந்திருக்கவேண்டும் என்றும் விதித்தது. அதாவது, பாலம் பிறப்பதற்கு முன்பே வழிவிடக் கற்றுக்கொண்டது! இதனால் ஆற்றின் நடுவே இரு பெருந்தூண்களின் வேலைகளையும் ஒரே சமயத்தில் முழுமையாக நடத்த முடியவில்லை. நான்கு ஆண்டுகளில் முடியும் என்று எண்ணிய வேலை எட்டு ஆண்டுகள் இழுத்தது. 1886 ஜூன் 21-ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. 1894 ஜூன் 30-ஆம் நாள் இளவரசர் எட்வர்ட் பாலத்தைத் திறந்து வைத்தார். ஹொரேஸ் ஜோன்ஸ் 1887-இலேயே காலமாகிவிட்டதால், தம் பாலத்தைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இனி, பாலம் எழும் விதத்தைப் பார்ப்போம். நம் முன்னோர் ஊரில் கிணற்றிலிருந்து நீர் இறைத்த ஏற்றத்தைப் பெரியவர்கள் அறிவார்கள். நீண்ட மரத்தின் ஒரு முனையில் சால் தொங்கும். மறுமுனையில் கல்லைக் கட்டியிருப்பார்கள், அல்லது ஆள் ஏறி மிதிப்பார். பின்பாரம் இறங்கினால் முன்பாரம் இலேசாக மேலே வரும். பிள்ளைகள் விளையாடும் ஏற்ற இறக்கப் பலகையும் அதே தத்துவந்தான். டவர் பாலமும் அப்படித்தான் எழுகிறது. பாலத்தின் நடுப்பகுதி இரண்டு இலைகளாக இருக்கிறது. ஒவ்வோர் இலையும் 1,000 டன்னுக்கு மேற்பட்ட எடை உள்ளது. ஆற்றின் மேல் நீட்டிக்கொண்டிருப்பது நீண்ட பக்கம். கோபுரத்தின் அடியில் மறைந்திருப்பது குட்டையான பின்பக்கம். அந்தப் பின்பக்கத்தில் 400 டன்னுக்கு மேற்பட்ட இரும்பும் ஈயமும் பாரமாக வைக்கப்பட்டுள்ளன. பின்பாரம் தூணுக்குள் உள்ள ஒரு பெரிய அறைக்குள் இறங்கும்போது, முன்பக்கம் வானை நோக்கி எழுகிறது.

இரு பக்கமும் தராசுபோல் சமமாக நிற்பதால் பெரும் பலம் தேவையில்லை. எனினும் அசைப்பதற்கு ஒரு விசை வேண்டும் அல்லவா? அந்த விசையைத் தண்ணீர் கொடுத்தது. நிலக்கரியால் எரியும் கொதிகலன்கள் நீராவியைத் தந்தன. நீராவி இயந்திரங்கள் தண்ணீரை இறைத்து, மிகப் பெரிய பாரங்கள் ஏற்றிய உருளைகளுக்குள் செலுத்தின. உள்ளே புகுந்த தண்ணீர் அந்தப் பாரத்தை மெல்ல மெல்ல உயர்த்தும். பாரமோ தண்ணீரை அழுத்திக்கொண்டே இருக்கும். சதுர அங்குலத்துக்கு 750 இராத்தல் அழுத்தம்! கப்பல் வரும்போது குழாயைத் திறந்தால், அடைபட்டிருந்த நீர் சீறிப் பாய்ந்து பொறிகளைச் சுழற்றும். ஏறத்தாழ ஒரே நிமிடத்தில் பாலம் எழுந்து நிற்கும். நாள் முழுதும் சிறுகச் சிறுகச் சேர்த்து, தேவையான நொடியில் மொத்தமாகச் செலவிடும் முறை இது. சிறுதுளி பெருவெள்ளம் என்பதை நாம் சேமிப்புக்குச் சொல்வோம். பொறியியலாளர்கள் அதையே பாலத்துக்குச் செய்து காட்டினார்கள். 1976-ஆம் ஆண்டு முதல் நீராவிக்கு மாறாக எண்ணெயழுத்தமும் மின்சாரமும் பாலத்தை இயக்குகின்றன. பழைய நீராவிப் பொறிகள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன.

வரலாற்று நூல்கள் ஜோன்ஸையும் பாரியையும் சொல்லும். ஆனால் அவர்கள் வரைந்த கோட்டைக் கல்லாகவும் இரும்பாகவும் மாற்றியவர்கள் வேறு. ஆற்றின் அடியில் பெரிய இரும்புப் பெட்டிகளை இறக்கி, முக்குளிப்போர் அவற்றுக்குள் மூழ்கிச் சேற்றையும் களிமண்ணையும் தோண்டினார்கள். பெட்டி ஆழமாகப் புதைந்தபின் தண்ணீரை வெளியேற்றி உள்ளே கான்கிரீட் நிரப்பினார்கள். இரு தூண்களிலும் இப்படி 70,000 டன்னுக்கு மேல் கான்கிரீட் இறக்கப்பட்டது. அதன்மேல் ஏறத்தாழ 11,000 டன் எஃகு எழுந்தது. கோபுரங்கள் கல்லால் ஆனவைபோல் தோன்றினாலும் உள்ளே இருப்பது எஃகுக் கூடே. கல் வெறும் மேற்போர்வை. நானூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வெயிலிலும் பனியிலும் உழைத்தார்கள். அவர்களுள் பத்துப் பேர் வேலையின்போது உயிரிழந்தனர். திறப்பு விழாவில் கொடிகள் பறந்தபோது அந்தப் பத்து வீடுகளில் என்ன நடந்திருக்கும் என்று நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். தோட்டத்தில் வாழும் நமக்கு அதைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

பாலம் திறந்த பிறகும் உழைப்பு நிற்கவில்லை. கரியை அள்ளிப் போடுபவர், இயந்திரத்துக்கு எண்ணெய் விடுபவர், கப்பலைப் பார்த்துச் சைகை காட்டுபவர், பாலத்தை ஏற்றி இறக்குபவர் எனப் பலர் இரவு பகலாகப் பணிபுரிந்தனர். முதலாண்டில் மட்டும் பாலம் 6,000 தடவைக்கு மேல் எழுந்தது. நாளொன்றுக்குப் பதினாறு தடவைக்கு மேல்!

பாலம் திறந்திருக்கும்போது நடப்பவர்கள் காத்திருக்க வேண்டாம் என்று கோபுரங்களின் உச்சியில் இரண்டு நடைபாதைகளும் அமைக்கப்பட்டன. ஆனால் மக்கள் அவற்றை அதிகம் பயன்படுத்தவில்லை. சில நிமிடங்களில் பாலம் இறங்கிவிடும். அதற்குள் படியேறி இறங்குவானேன் என்று கீழேயே நின்றார்கள். பாலம் எழுவதைப் பார்ப்பதும் ஒரு வேடிக்கைதானே! 1910-இல் அந்த நடைபாதைகள் மூடப்பட்டன. 1982-இல்தான் மீண்டும் திறக்கப்பட்டன. பாலத்தைக் கடக்கக் கட்டணமும் இல்லை. ஆதலால் அரை பென்னி வாங்கிய சுரங்கம் வருமானம் இழந்து 1898-இல் மூடப்பட்டது.

இந்தப் பாலத்துக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. பாலத்தின் வடகரையை ஒட்டி இருந்தது செயின்ட் கேத்தரின் துறை. அதன் கிடங்குகளில் தேயிலையோடும் தந்தத்தோடும் ரப்பரும் அடுக்கி வைக்கப்பட்டது. சற்றுத் தொலைவில் மின்சிங் லேன் என்னும் தெருவில் தேயிலைக்கும் ரப்பருக்கும் விலை பேசினார்கள். மலாயாத் தோட்டங்கள் பலவற்றின் உரிமையாளர்களான கம்பெனிகளுக்கு இலண்டனில்தான் தலைமை அலுவலகம் இருந்தது. இருள் விலகுமுன் எழுந்து பால்மரம் சீவிய நம் பாட்டன் பாட்டிமாரின் உழைப்புக்கு விலை குறித்த இடம் அந்த ஆற்றங்கரைதான். அவர்கள் இலண்டனைக் கண்டதில்லை. அங்கே மூட்டை சுமந்தவர்களும் இவர்களைக் கண்டதில்லை. ஆயினும் ஒரே சரக்கின் இரு முனைகளிலும் நின்றவர்கள் அவர்கள்.

இனி, பாலத்தின் மிகச் சிறந்த செய்திக்கு வருவோம். கப்பலும் வண்டியும் ஒரே நேரத்தில் வந்தால் யாருக்கு முதலிடம்? கப்பலுக்கே! அன்றும் அப்படி, இன்றும் அப்படி. கப்பல் ஏற்ற நீரை நம்பி வருகிறது. நினைத்த இடத்தில் சட்டென்று நிற்க அதனால் முடியாது. வண்டியால் நிற்க முடியும். நிற்க முடிந்தவன் நிற்க முடியாதவனுக்கு வழிவிடவேண்டும் என்பதே அங்கே நீதி. 30 அடிக்குக் குறையாத உயரமுள்ள கலம் எதுவாயினும், 24 மணி நேரத்துக்கு முன் அறிவித்தால், காசு வாங்காமல் பாலம் திறக்கப்படும். 1997 மே மாதத்தில் அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் பரிவாரத்தோடு அந்தப் பாலத்தைக் கடந்தார். அவர் வண்டி போனதும், பின்னால் வந்த வண்டிகள் கடப்பதற்குள் பாலம் எழுந்துவிட்டது. முன்னரே அறிவித்திருந்த ஒரு பாய்மரப் படகுக்கு நேரம் வந்துவிட்டதே காரணம்! உலகின் பெரிய வல்லரசின் பரிவாரம் ஒரு படகுக்காகக் காத்து நின்றது.

ஒழுங்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 1952 டிசம்பர் 30-ஆம் நாள் இரவு, 78-ஆம் எண் பேருந்து ஒன்று பாலத்தின்மேல் ஓடிக்கொண்டிருந்தபோதே பாலம் எழத் தொடங்கிவிட்டது. ஓட்டுநர் ஆல்பர்ட் கன்டர் நொடியில் முடிவெடுத்தார். நிறுத்தினால் ஆற்றில் விழ நேரும் என்று கண்டு, விரைவைக் கூட்டி, இடைவெளியைத் தாவி அடுத்த இலையின்மேல் பேருந்தை இறக்கினார். சிலர் காயமடைந்தனர், எவரும் சாகவில்லை. அவருக்குக் கிடைத்த பரிசு 10 பவுண்டு.

காலம் மாறியது. கப்பல்கள் பெரிதாயின, சரக்குகள் கொள்கலன்களில் வரத் தொடங்கின. துறைமுகம் கடலை நோக்கிக் கீழே நகர்ந்தது. செயின்ட் கேத்தரின் துறை 1968-இல் மூடப்பட்டது. சுமை தூக்கியவர்களின் பரம்பரைத் தொழில் ஒரு தலைமுறைக்குள் மறைந்தது. ரப்பரை அழித்து எண்ணெய்ப்பனை நட்டபோதும், தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும் இடம் பெயர்ந்த நம்மவர்களுக்கு அந்த வேதனை விளங்கும். பாலம் மட்டும் நிற்கிறது. இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 தடவை எழுகிறது. பெரும்பாலும் உல்லாசப் படகுகளுக்கும் பழைய பாய்மரக் கலங்களுக்கும் எழுகிறது என்றாலும், விதி மாறவில்லை.

நம் பக்கத்திலும் இதற்கோர் உறவு இருந்தது. 1924 ஜூன் 28-ஆம் நாள் திறக்கப்பட்ட ஜொகூர்-சிங்கப்பூர் இணைப்புப் பாதை கல்லால் ஆன கரை. அது நீரிணையை முழுவதும் அடைத்துவிட்டால் படகுகள் எங்கே போகும்? ஆகவே ஜொகூர் பக்கத்தில் கதவுகளுடன் ஒரு கால்வாயும் அதன்மேல் ஒரு தூக்குப் பாலமும் அமைத்தார்கள். 1942 ஜனவரி 31-இல் ஜப்பானியப் படையைத் தடுக்கப் பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர் வெடிவைத்தபோது அந்தத் தூக்குப் பாலம் அழிந்தது. இன்று அந்த வழியே போகிறவர்களுள் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நேயர்களே, இரு தரப்பும் நியாயம் பேசும்போது ஒருவனை வீழ்த்தித்தான் மற்றவன் வாழவேண்டும் என்பதில்லை. பொறுமையும் அறிவும் இருந்தால் இருவரும் வாழ ஒரு வழி பிறக்கும். வழிவிடுகிறவன் தோற்றவன் அல்லன். பாலம் எழுந்து வழிவிடுகிறது. அதனால் அது சிறுமைப்படவில்லை. அதைக் காணத்தான் உலகமே கூடுகிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அண்மை ஆண்டுகளில் அந்தப் பாலத்தில் உழைத்த சாதாரண மக்களின் பெயர்களைப் பித்தளைத் தகடுகளில் பொறித்து நடைபாதையில் பதித்திருக்கிறார்கள். சமையல் செய்த பெண்ணின் பெயரும் அவற்றுள் உண்டு. நூறாண்டு கழித்தாவது உழைத்தவர் பெயரை நினைத்தார்கள். நம் தோட்டங்களில் பாதை வெட்டியவர்கள், பாலம் போட்டவர்கள், இரயில் தண்டவாளம் பதித்தவர்கள் பெயரை யார் பொறிப்பார்கள்? அதற்குப் பித்தளை தேவையில்லை. வீட்டில் உள்ள தாத்தா பாட்டியிடம் நம் பிள்ளைகளை இன்றிரவே கேட்கச் சொல்வோம்; கேட்டதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கச் சொல்வோம். அதுவும் ஒரு பாலந்தான். அதைக் கட்டும் வேலை நம்முடையது.